படத்தில் ஆறரை மணி

செல்போனில் இருந்த அசலையும் பாண்டீஸ்வரன் வரைந்திருந்த நகலையும் மாறி மாறிப் பார்த்தாள் உமாமகேஸ்வரி. ஐநூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய ஓவியம். தாடிக்கார அறிஞர், உலக உருண்டை, கவராயம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன.

"போட்டோவுல கடிகார முள்ளு அஞ்சுல நிக்குது. இதுல ஆறரையில நிக்குதே?"

பாண்டீஸ்வரன் திரும்பி அவள் கணவர், அறிவியல் ஆசிரியர் முத்துகிருஷ்ணனைப் பார்த்தான்.

"சொல்லுப்பா, ஏன் மாத்துன?" என்று அதட்டினார் அவர்.

பாண்டீஸ்வரன் தலை குனிந்தான். "ஞாயித்துக்கிழமை புது வீட்டுல பால் காய்ச்சுறீங்க. அன்னைக்கு அஞ்சு மணி ராகு காலம்ல சார்."

"உப்பூர்ப் பகுத்தறிவுக் கூட்டத்துல ராகு காலத்தைக் கிழி கிழின்னு கிழிச்சவன்யா நான். என் வீட்டுப் படத்துலயே இப்படிப் பண்ணிட்டியே."

"விடுங்க. இங்கனயே அஞ்சாக்கிக் குடுக்கட்டும், வாங்கிட்டுப் போவோம்" என்றாள் உமாமகேஸ்வரி.

பாண்டீஸ்வரன் பிரஷ்ஷை எடுத்தான்.

"வேணாம், வேணாம். பெயின்ட் காயாது" என்று படத்தை அவசரமாகத் தூக்கிக்கொண்டார் ஆசிரியர்.

மனைவி காரில் ஏறியதும் அவர் மட்டும் திரும்பி வந்தார்.

"கோவிச்சுக்காதப்பா. முள்ளை மாத்தச் சொல்லி நான் போன் போட்டதை அவகிட்ட மட்டும் சொல்லிராத."