எல்லாருக்கும் வண்டி வேணும்

“வேணும்ப்பா, கண்டிப்பா வேணும். இன்னைக்கே விட்டா இன்னைக்கே ஏறிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே நூலகத்து அம்மா ஓட்டமும் நடையுமாகக் கடந்து போனார். முதலாளி செல்போனில் ‘ஆம்’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு, தலைக்கு மேலே காய்ந்த வெயிலுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

முதலாளி என்பது வகுப்பு வைத்த பட்டம். கம்பெனி இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் விசிட்டிங் கார்டு அடித்துவிட்ட ஆசாமி அவன். காலேஜ் வாசலிலிருந்து கடைக்கோடிக் கட்டடம் வரை நீண்டு கிடக்கும் சாலையில் குட்டி வேன் ஒன்று விட வேண்டும் என்பது அவன் யோசனை. கூட்டாளி ஒரே ஒருத்தி: சித்தப்பா மகள், அதே காலேஜில் ஒரு வருடம் இளையவள்.

“அண்ணா, போன மாசம் இதே அம்மாதானே ‘நடந்தா உடம்புக்கு நல்லது’ன்னு நமக்குப் புத்தி சொன்னாங்க?” என்றாள் தங்கை.

“மனுஷங்க மாறுவாங்க. வெயில் மாத்திடும்.”

மாறியது அந்த அம்மா மட்டுமல்ல. போன மாதம் உதட்டைப் பிதுக்கியவர்கள் எல்லோரும் இந்த வாரம் வேன் வேண்டும் என்றார்கள். அதுவும் நின்று சொல்லவில்லை, மூச்சிரைக்க ஓடிக்கொண்டே சொன்னார்கள். அவசரக்காரனுக்குத்தானே வண்டியின் அருமை தெரியும் என்று முதலாளி பூரித்துப் போனான்.

அவனுக்கு இது வாழ்வா சாவா விஷயம். போன வருடம் வாடகைக் குடை என்று ஒரு தொழில் ஆரம்பித்தான். வெளியே போன குடைகளில் ஒன்றுகூட வீடு திரும்பவில்லை. இந்த வேனும் ஊத்திக்கொண்டால், படிப்பு முடிந்த கையோடு சித்தப்பாவின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

“எங்கப்பா கடையில உனக்காக ஒரு நாற்காலியைத் துடைச்சே வெச்சுட்டாருண்ணா” என்று தங்கை அவ்வப்போது நினைவுபடுத்துவாள். அவளுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

தொழில் பாடம் நடத்தும் பேராசிரியை, இந்த வாரம் மொத்த வகுப்பையும் அதே சாலைக்கு விரட்டியிருந்தார். வாடிக்கையாளரைக் கேட்காமல் யாரும் கடை திறக்கக் கூடாது என்பது அவர் கட்சி. துணி துவைக்கும் யோசனைக்காரர்கள், பழைய புத்தக யோசனைக்காரர்கள், சாப்பாட்டு டப்பா யோசனைக்காரர்கள் என்று அங்கங்கே ஒரு குழு நின்றிருந்தது. ஒருத்தரும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காததில் முதலாளிக்கு ஏகப்பட்ட குஷி.

மதியம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேராசிரியையின் அறைக்குப் போனான். சும்மா கிடக்கும் காலேஜ் வேனை ஒரு பருவத்துக்கு இரவல் கொடுக்க அவர் கையெழுத்து ஒன்று போதும்.

“எல்லாரும் வேணும்னு சொல்றாங்க, சரி. ஏன் வேணும்னு கேட்டியா?” என்றார் அவர்.

“வெயில், மேடம்.”

“போன மாசமும் இதே வெயில்தான். ஒரே ஒருத்தரை உக்கார வெச்சு ஏன்னு கேட்டுட்டு வா. பதிலை நீயே எடுத்துக் குடுக்காதே. உருப்படியான காரணமா இருந்தா இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

சொல்வது சுலபம். ஒருத்தர்கூட நிற்கவில்லை. காதில் செல்போனை வைத்து மும்முரமாகப் பேசிக்கொண்டே நழுவிய ஒரு விரிவுரையாளருக்கு, அதே செல்போனில் அழைப்பு மணி அடித்தது. அவர் அதற்கும் “ஆமா ஆமா” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

கடைசியில் தெய்வம் கண் திறந்தது. திரும்பி வந்த நூலகத்து அம்மாவின் செருப்பு வார், இவர்கள் முன்னால் வந்ததும் அறுந்தது. தங்கை ஓடிப்போய் ஊக்கு ஒன்றைக் கொடுத்து, அவரைச் சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“மேடம், ஒரே கேள்விதான். உங்களுக்கு எதுக்கு வேன் வேணும்?”

“நிம்மதியாப் போய்ச் சேரலாம்ல” என்றார் அந்த அம்மா, ஊக்கைக் குத்தியபடி.

“கால் வலியா மேடம்?” என்று முதலாளி அவசரக்குடுக்கையாக முந்திக்கொண்டான். தங்கை அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

“காலுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. நடக்கிறதுன்னா எனக்கு உசுரு. ஆமா, இந்த வேன் நடுவுல எங்கேயும் நிக்காதுல்ல?”

“நிக்கவே நிக்காது மேடம். ஏறினா நேரா கடைசிக் கட்டடம்தான்.”

“ஜன்னலுக்குத் திரை போடுவீங்களா? உள்ள யார் இருக்கான்னு வெளியே தெரியக் கூடாது.”

“போட்டுடலாம் மேடம்.”

வாடிக்கையாளரே வண்டியை வடிவமைத்துத் தருகிறாரே என்று முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவை வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றிவிட்டது. பேராசிரியை கேட்ட அந்த ஒரு காரணம் வந்துவிட்டால் போதும்.

“நடக்கிறது பிடிக்கும்ங்கறீங்க. அப்புறம் இந்த வழியில என்னதான் கஷ்டம்? மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க மேடம். உங்க பதிலை வெச்சுத்தான் எங்களுக்கு வேனே கிடைக்கும். நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்.”

நூலகத்து அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரையும் பாவமாக ஒருமுறை பார்த்தார்.

“வழி நெடுக நின்னு கேள்வி கேட்டே கொல்றீங்களேப்பா.”