ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறணும்

“ஏய் சோனியா, அந்தக் கைய இன்னாத்துக்குடி கைக்கொயந்த மாரி தூக்கிக்கினு கீற?”

டீ நேரத்தில் சந்திரகலா கேட்டாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிக்கு ரப்பர் குழாய் செய்கிற கம்பெனி அது. ஆவியில் வெந்து வரும் குழாயைச் சூடு ஆறுமுன் கம்பியிலிருந்து உருவி எடுப்பது இவர்கள் இருவரின் வேலை. வெளியே கத்திரி வெயில். உள்ளே அதற்கு அண்ணன்.

சோனியா முழுக்கைச் சட்டையை மெல்லச் சுருட்டினாள். முழங்கைக்குக் கீழே வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

“பச்ச குத்திக்கினேன்க்கா. ஆறு நாள் ஆவுது.”

“பார்றா! எங்க, காட்டு.”

“மாட்டேன். மொதல்ல அவரு பாக்கணும். ஞாயித்துக்கெயம வர்றாரு.”

“ஓ, ஊட்டுக்காரரு பேரா! பேரு இன்னா? சொல்லுவியா, சாமி குத்தமா?”

“ராபின்.”

சந்திரகலா விரல் விட்டு எண்ணினாள். “ரா, பி, ன். மூணு எழுத்து. தப்பிச்சடி. எங்காளு துளசிராமன். குத்துறதுக்குள்ள நான் பரலோகம் போய்ச் சேந்திருப்பேன்.”

“மூணு எழுத்துதான்க்கா” என்றாள் சோனியா.

சந்திரகலா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். சோனியாவின் வீட்டுக்காரன் ஐந்து மாதமாக வீட்டில் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

“எங்க கீறாரு, துபாயா?”

“ரொம்ப தூரம்க்கா.”

“போன்ல பேசுவாரா?”

“பேசுவாரு. ரொம்ப மரியாதையா பேசுவாரு.”

“கட்னவன் மரியாதையா பேசுனா எங்கியோ ஒதைக்குதுன்னு அர்த்தம்டி!”

சந்திரகலா சிரித்தாள். சோனியா டீயில் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை குத்திய அப்ரார் அன்றைக்கே எச்சரித்திருந்தான். வேர்வை தங்கக் கூடாது. வெயில் படக் கூடாது. ஏரி, குளம் பக்கமே போகக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, களிம்பை மெலிசாகப் பூச வேண்டும். அரித்தால் சொறியக் கூடாது. தோல் தானாக உரிய வேண்டும், பிய்த்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். கடைசியாக, எங்கே வேலை என்று கேட்டான். அவள் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டான்.

“அனல்லயா? அப்ப டிசம்பர்ல வாக்கா. பனிக்காலத்துல குத்திக்கலாம்.”

“டிசம்பர் வரிக்கும் என்னால முடியாதுப்பா. குத்து.”

வியாழக்கிழமை மதியம் அப்ரார் சொன்னது நடந்தது. வேர்வையில் ஊறிய துணி கையோடு ஒட்டிக்கொண்டு, அவிழ்த்தபோது நடு எழுத்தின் மேல்தோலையும் இழுத்து வந்தது. கழிப்பறை வாசலில் குந்தி, கையை மடியில் மறைத்துக்கொண்டு, நடு எழுத்து போச்சென்று அழுதவளைச் சந்திரகலாதான் கண்டுபிடித்தாள்.

“ச்சீ, எழுந்துரு. மஞ்சா கொயச்சிப் போட்டா ஆறிடும்.”

“ஐயோ, அதெல்லாம் வேணாம்க்கா.”

“ஒரு எழுத்து அயிஞ்சா இன்னா இப்போ? அவுரு பேரு அவுருக்குத் தெரியாதா?”

“ஒண்ணு ஒண்ணா கூட்டித்தான்க்கா படிப்பாரு. நடுவுல ஒண்ணு போச்சின்னா எல்லாமே போச்சி. அவரு வாயால படிக்கணும்க்கா. நான் காதால கேக்கணும். அதுக்கோசரம்தான் இவ்ளோவும்.”

சந்திரகலா அவளைத் தோளைப் பிடித்து எழுப்பினாள். “சரியான பைத்தியம்டி நீ. போ, பேக்கிங்ல ஃபேனுக்குக் கீய உக்காரு. உன் கம்பியையும் சேத்து நானே உருவுறேன்.”

சூப்பர்வைசர் பச்சையப்பன் ஓடி வந்து கத்தினார். சந்திரகலா கையுறையைக் கழற்றவேயில்லை.

“அவ புருசன் வர்றான் சார். சம்சாரத்த உட்டுட்டு அஞ்சு மாசம் இருந்து பாரு, அப்பறம் வந்து கத்து.”

பச்சையப்பன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மீதி நாளெல்லாம் சோனியா அந்தக் கைக்காகவே வாழ்ந்தாள். கம்பெனி பஸ்ஸில் வெயில் படாத பக்கம் நின்றே வந்தாள். அரிப்பு உயிரை எடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு விசிறிக்கொண்டாள்.

ஞாயிறு காலை பார்த்தபோது பக்கு முழுக்க உதிர்ந்திருந்தது. மூன்று எழுத்தும் கறுப்பாக, தெளிவாக நின்றன. நடு எழுத்து கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனாலும் படிக்க வந்தது.

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ராபினின் அண்ணன் எபினேசர் முதலில் இறங்கி, தம்பியின் தோளைப் பிடித்து இறக்கினார். ஒட்ட வெட்டிய தலை. நெற்றியிலிருந்து காதுவரை தையல் தழும்பு.

ராபின் அவளைப் பார்த்து, தெரிந்த முகத்தைக் கண்டவன்போல் சிரித்தான்.

“வணக்கம் சிஸ்டர். ஆஸ்பத்திரிய உட்டு இங்கியும் வந்துட்டீங்களா?”

இரும்பு உருட்டும் ஆலையில் தலையில் அடிபட்டு, கண் விழித்த நாளிலிருந்து அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். யாரென்று எத்தனை முறை சொன்னாலும் பத்து நிமிடம்கூட அவன் தலையில் நிற்பதில்லை.

அவள் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் குனிந்து, விரல் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டினான்.

“சோ... னி... யா.”

“இன்னாங்க?” என்றாள் அவள்.