ஆலைச் சங்கின் மூச்சு

வெள்ளைக்காரத் துரை துறைமுகத்தருகே பஞ்சாலை கட்டினான்; சுற்றிப் பட்டணம் வளர்ந்தது. "பட்டணமே என் குரலுக்குப் பிறந்ததுதான்" என்று பீற்றிக்கொள்ளும் ஆலைச் சங்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அரைமணி ஓய்வு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரை வெளியாட்களை வைத்து ஆலையை ஓட்டப் பார்த்தான். ஓடிவிட்டால் வேலைநிறுத்தம் தோற்றுவிடும்.

சங்கு ஊதிவிட்டு, தனக்கு நீராவி தரும் பாய்லரிடம் முறையிட்டது. "என் குரலுக்கு ஒருத்தனும் வரலியே, பாய்லரண்ணே!"

"காதிலே விழலியோ என்னவோ! இன்னும் பலமா ஊது தம்பி, துரை பார்க்கிறாரு."

சங்கு விடாமல் ஊதியது. இயந்திரத்தை ஓட்டவேண்டிய நீராவியெல்லாம் அதன் வாய்வழியே போயிற்று. பாய்லரில் தீயைக் கூட்டி அதை ஈடுகட்ட வெளியாட்களுக்குத் தெரியவில்லை. ஆலை நின்றது. வாசலில் தொழிலாளர்கள் சங்கொலிக்குத் தாளம் போட்டு ஆடினார்கள்.

மூன்றாம் நாள் துரை இறங்கிவந்தான். மறுநாள் மத்தியானம் பாய்லர் சங்கை உசுப்பியது:

"ஊது தம்பி, நம்ம ஆளுங்க சாப்பிடப் போகணும்!"