காற்று நின்ற பிற்பகல்

மீமிசல் கரையில் பிற்பகல் வெயில் செம்பு நிறத்தில் நிற்கிறது. பஞ்சாயத்து ரேடியோவில் சற்றுமுன்தான் வானிலைச் செய்தி சொன்னார்கள்: புயல் வருகிறது, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். காலையிலேயே போய்விட்ட மரியசூசையின் வள்ளம் மட்டும் சற்றுத் தூரத்தில் தெரிகிறது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கிறது. வள்ளத்தின் பாய் காற்றில்லாமல் தொங்குகிறது. ஒரு காக்கையைக்கூடக் காணோம். கரையில் நிற்கும் அவன் மனைவி அடைக்கலமேரி, "ஏங்க, புயலாம்! வலைய விட்டுட்டு வாங்க!" என்று கத்துகிறாள். அசையாத நீரின்மேல் மிதந்து வரும் அவன் சிரிப்பு அவள் காதருகிலேயே இருப்பதுபோல் கேட்கிறது. "காத்தே இல்ல, புயலாவது! மீனு ஏறிக் கெடக்கு மேரி, இழுத்துட்டு வாரேன்." அவன் முதுகுக்குப் பின்னால் அடிவானம் கறுத்து உயர்வதை அவள் பார்க்கிறாள். "பின்னால பாருங்க!" அவன் திரும்புகிறான். சிரிப்பு நின்றுவிடுகிறது. வலைக்கயிற்றைக் கத்தி அறுக்கும் ஓசை கரைவரை வருகிறது. அடுத்து, துடுப்பு வேகவேகமாக நீரை அடிக்கும் ஓசை. அவள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையை நீட்டுகிறாள். வள்ளத்தின் முனை விரலில் படும்போது முதல் காற்று முகத்தில் அறைகிறது. இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வலை கிடந்த இடத்தில் கடலும் இல்லை, வானமும் இல்லை. கறுப்பாக ஏதோ ஒன்று, சத்தமே இல்லாமல், கரையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.