பார்வைக்கு ஒரு வயல்

"உண்மையைச் சொல்லுங்க பக்கிரிண்ணே. இது உங்க வயல் மண்ணுதானா?"

ஸ்கூட்டரை விட்டு இறங்கியும் இறங்காமலும் கேட்டாள் தமிழ்நிலா. கையில் மண் பரிசோதனை அறிக்கை. சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் அந்த ஊருக்கு அவள்தான் வேளாண்மை அலுவலர்.

"ஏன் மேடம், பாஸா ஃபெயிலா?" என்றார் பக்கிரி ஆவலாக.

"உப்பு துளிகூட இல்லையாம். சத்தெல்லாம் தேவைக்கு மேல இருக்காம். மூணு வருஷமா பயிர் கருகுற வயலுக்கு இப்படி ரிசல்ட் வருமா?"

பக்கிரி தலையைச் சொறிந்தார். அவர் மனைவி அம்சம்தான் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"வயல் மண்ணு இல்லீங்க மேடம். கொல்லையில எருக்குழி ஓரமா அள்ளுனது. நான்தான் மாவு சலிக்கிற சல்லடையில சலிச்சு, புதுப் பையில போட்டுக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"வெளிநாட்டுக்காரங்க பாக்கப் போற மண்ணுன்னு சொன்னீங்களே. உப்பு வெள்ளையாப் பூத்துப் போனதையா குடுக்குறது? நம்மள என்ன நெனப்பாங்க?"

தமிழ்நிலாவுக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மண்ணெடுக்க வயலில் ஐந்து இடத்தில் குழி வெட்டணும், கலந்து நாலு பங்காப் பிரிக்கணும் என்று ஒரு வருஷமாகத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியது அத்தனையும் எருக்குழியோடு போச்சு.

"நாளைக்கு வியட்நாம்லேருந்து வர்றாங்க. அங்கயும் கடல்தண்ணி ஏறித்தான் வயல் கெடுது. அவங்களும் நம்ம ஆளுங்களும் சேர்ந்து உப்பைத் தாங்குற நெல்லு ஒண்ணு கொண்டாந்திருக்காங்க. அவங்க நேர்ல பாத்து எடுக்குற பத்து வயலுக்குத்தான் இந்தச் சம்பாவுக்கு விதை. புரியுதா?"

"புரியுது மேடம். ஆனா மண்ணு கெட்டுப் போச்சுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டுமே! நோயை மறைச்சுக்கிட்டு டாக்டர்கிட்டப் போய் என்ன பிரயோஜனம்? வெக்கப்பட்டா விதை வராதுண்ணே. இந்தச் சம்பாவும் போச்சுன்னா என்ன செய்வீங்க?"



"திருப்பூருக்குத்தான்" என்றாள் அம்சம். "பனியன் கம்பெனிக்கு ரெண்டு பேரும் போவணும். வயலை இறால் குட்டைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி மேடம். நாளைக்கு வயல்லயே நிக்கிறேன். எதையும் மறைக்க மாட்டேன்."

ஒருவழியாக வழிக்கு வந்தாரே என்று தமிழ்நிலா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். தெருமுனை திரும்பவில்லை, போன். மேலதிகாரி.

"தமிழ்நிலா, நாளைக்கு அந்த உப்பு வயல் பக்கமெல்லாம் கூட்டிட்டுப் போயிடாதம்மா. ரோட்டோரம் ஜாஃபர் சாதிக்கோட மேட்டு வயல்ல குறுவை பச்சைப்பசேல்னு நிக்குது பாரு, அங்க பந்தல் போடச் சொல்லிட்டேன்."

"சார், உப்பு வயலைப் பாக்கத்தானே சார் அவங்க வர்றதே?"

"வெளிநாட்டுக்காரங்கம்மா. நம்மள என்ன நெனப்பாங்க?"

நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயிலிருந்து வந்தது என்னவோ "சரிங்க சார்" மட்டும்தான். திரும்பிப் போய் பக்கிரியிடம் சொல்லவும் முகமில்லை.

மறுநாள் பந்தல், சால்வை, இளநீர் என்று ஏக தடபுடல். குழுவின் தலைவி டாக்டர் லான், ஐம்பது வயது அம்மாள், சேற்றில் இறங்கத் தோதாக முழங்கால் வரை பூட்ஸ் மாட்டி வந்திருந்தார். ஒரு சொட்டுச் சேறு படாமல் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மேலதிகாரி பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

தமிழ்நிலாவின் போன் அதிர்ந்தது. பக்கிரி. இரண்டு தடவை கட் பண்ணினாள். மூன்றாவது தடவை மனசு கேட்கவில்லை.

"மேடம், காலையிலேருந்து வயல்ல நிக்கிறேன். காரையே காணலியே. வழி தெரியலியா? ரோட்டுக்கு வந்து நிக்கட்டுமா?"

"இருங்கண்ணே... வந்துருவாங்க."

சொன்னது பொய். விதைப் பட்டியல் இந்தப் பந்தலிலேயே முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குள் லான் எழுந்து வயலில் இறங்கிவிட்டார். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கு நுனியில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்த்தார்.

"ரொம்ப நல்ல வயல்" என்றார் ஆங்கிலத்தில். மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

கையைத் துடைத்துக்கொண்டு தமிழ்நிலாவின் பக்கத்தில் வந்த லான் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் உங்க ஆளுங்க எங்க ஊருக்கு வந்தாங்க. நானும் இப்படி ஒரு வயலைத்தான் காட்டி அனுப்பினேன். அந்த வெட்கம் இன்னும் போகல. நீங்களாவது எனக்கு உப்பு வயலைக் காட்டிடுங்க."