தளை தட்டாத நிரல்

"ஏம்மா, ஏழு வினாடி! ஒரு நாள் மழையைக் கணிக்க உன் நிரலுக்கு ஏழு வினாடி. அதுக்குள்ள மேகமே கலைஞ்சு வீட்டுக்குப் போயிடும்!"

தலைமைப் பொறியாளர் இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். சிரிக்க மறந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். அவர்களும் சிரித்தார்கள்.

கடைசி நாற்காலியில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. இன்று அவருடைய புதிய நிரல் ஏற்கப்பட்டால் அவள் எழுதியது குப்பைக்குப் போகும். குழுவில் அவளுக்கிருந்த இடமும் கூடவே போகும்.

அவர் திரையைச் சுட்டி விளக்கினார். நினைவகத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுபத்து நான்கு பைட்டு எல்லையில்தான் தொடங்குகிறது. குறைந்த இடங்களில் வெற்றுப் பைட்டுகளை இட்டு நிரப்பியிருக்கிறார், சீர் குறைந்த இடத்தில் புலவன் அசைச்சொல் இடுவதுபோல. ஆகவே கணினியின் மையச் செயலி ஒவ்வோர் எண்ணாகப் பொறுக்காமல் பதினாறு எண்களை ஒரே கையால் அள்ளுகிறது.

தளை தட்டாத வெண்பாதான். அதை அவள் மறுக்கவில்லை. அவையடக்கம் என்றொன்று உண்டென்பதை மட்டும் பாடியவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

சோதனையை ஓட்டினார். விசையைத் தட்டிய விரல் மேலெழுமுன் முடிந்துவிட்டது.

திரையில் நேரம்: சுழியம்.

கைதட்டல். இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார்.

காற்றையும் மழையையும் கணக்கிட்ட எந்திரத்துக்கு நொடியின் துணுக்குகூடச் செலவாகவில்லை. இத்தனை பட்டங்கள் சுமந்த தலைகளில் ஒன்றுகூட அதை ஐயுறவில்லை.

சோதனை நேரத்தை மட்டுமே கேட்டது, விடையைக் கேட்கவேயில்லை. எவரும் கேட்காத விடைக்காக, நிரலை எந்திர மொழிக்குப் பெயர்க்கும் கம்பைலர் உழைக்காது. கணக்கு முழுவதையும் சந்தடியின்றி நீக்கிவிடும். அங்கே ஓடியது ஒன்றுமேயில்லை.

"நாளைக்கு வானிலை நிலையத்துக்காரங்க முன்னாடி இதையே ஓட்டிக் காட்டுவோம்," என்ற இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"தாராளமா சார். அவரே போய்க் காட்டட்டும்."

தலைமைப் பொறியாளர் அவளை இரக்கத்தோடு நோக்கினார்.

வானிலை நிலையத்தார் நேரத்தைக் கேட்கமாட்டார்கள். மழை எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

நிரல் அவர் எழுதியது. சோதனை எழுதுவது தம் தகுதிக்குக் குறைவென்று சென்ற வாரம் அதை அவளிடம் தள்ளிவிட்டிருந்தார். அவள் எழுதிக் கொடுத்ததைத் திறந்து படிப்பதும் அவர் தகுதிக்குக் குறைவாகவே இருந்தது.