காப்பி ஆறுகிறது

பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. "சம்மதம், குடிங்க" என்று பெண்வீட்டுப் பெரியவர் சொல்லாமல் யாரும் கோப்பையைத் தொட மாட்டார்கள். அப்பா இல்லாத இந்திஸாருக்குப் பெரியவர் என்றால் பெரியப்பா ஷாகிர்தான்.

"அவரு வீடு எங்கே?" என்றார், ஹெப்ரோனிலிருந்து வந்து பின்சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்திருந்த மாப்பிள்ளையின் மாமா.

"எதிர்வீடு" என்றாள் அம்மா, தலையைக் குனிந்தபடி.

"எதிர்வீட்டுக்காரருக்கு இங்க வர ஒரு மணி நேரமா? எங்களைப் பிடிக்கலைன்னு நேராவே சொல்லிடுங்களேன்!"

உள்ளே இருந்த இந்திஸாருக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பெண் என்பதையும் மறந்து வாசலுக்கு ஓடினாள்.

"பெரியப்பா! காப்பி ஆறிப்போச்சு!"

"எதிர்க்காத்து! ஒண்ணும் கேக்கலை!"

"சம்மதமான்னு கேக்கறாங்க!"

"முதல்ல உனக்குச் சம்மதமா, கழுதை?"

"சம்மதம்! சம்மதம்!"

தெருவே சிரித்தது.

"அப்பக் குடிக்கச் சொல்லு!"

மாமா விருட்டென்று எழுந்து வெளியே வந்தார். "அங்கேயே நின்னு கத்தற மனுஷன், நாலு எட்டு வச்சு வந்தா குறைஞ்சா போயிடுவாரு?"

அப்போதுதான் தெருவைப் பார்த்தார். நடுத்தெருவில் இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி வேலி. இந்தப் பக்கம் காஸா. பெரியப்பா நின்ற பக்கம் எகிப்து. அவர் கையசைத்ததும் காவல் சிப்பாய் விசில் ஊதி விரட்டினான்.

"போர்ல போட்ட வேலியாம்மா?" என்றார் மாமா, குரல் இறங்கி.

"போர் நடந்தப்பல்லாம் இது ஒரே தெருவுதான் மாமா" என்றாள் இந்திஸார். "இஸ்ரேலும் எகிப்தும் சமாதானம் ஆனாங்களே, அதுக்காகப் போட்டது!"